மீன் என்ன தின்றது என்று கேளுங்கள்

கிள்ளான் சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பீர்கள், கண்ணைப் பார்ப்பீர்கள். அது என்ன தின்று வளர்ந்தது என்று கேட்டதுண்டா? கதிரியக்கம் என்று வந்துவிட்டால் அதுதான் முதல் கேள்வி.

1946 ஜூலையில் பசிபிக்கின் பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா இரண்டு அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. அங்கே பிடிபட்ட சர்ஜன் மீன் ஒன்றைப் புகைப்படத் தகட்டின்மேல் வைத்தார்கள். கேமராவும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மீன் தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டது. படத்தில் பளிச்சென்று தெரிந்தது வயிறு. அது மேய்ந்திருந்த பவளப்பாறைப் பாசி!

பாசி மேயும் மீனுக்கு நஞ்சு முதலில் சேர்கிறது. அதைப் பிடித்துத் தின்னும் கெராப்புக்குப் பிறகுதான். சீசியம், பொட்டாசியத்தின் சாயலில் தசைக்குள் நுழையும். ஸ்ட்ரான்சியம், கால்சியத்தின் சாயலில் முள்ளில் தங்கும். ஒரே பாறையில் வாழும் இரு மீன்களின் கணக்கு ஒன்றாக இருக்காது.

2023 ஆகஸ்ட் 24-இல் புக்குஷிமா நீர் கடலில் விடப்பட்டபோது, ஜப்பானிய உணவுகளைச் சோதிப்போம் என்று நம் சுகாதார அமைச்சு அறிவித்தது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் காப்பார் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே! அங்கே கடலோரத்தில் நிலக்கரி அனல்மின் நிலையம். நிலக்கரியில் இயற்கையாகவே யுரேனியக் குடும்பத்துத் தனிமங்கள் உண்டு. உலைச் சூட்டில் ஆவியாகும் பொலோனியம்-210 பறக்கும் சாம்பலில் படிகிறது. மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காப்பார் கரையோர மீன், இறால், கெராங் ஆகியவற்றில் அதை அளந்து 2011-இல் வெளியிட்டார்கள்.

பயப்பட வேண்டாம். பொலோனியம் எந்தக் கடலிலும் உண்டு. கடலுணவு சாப்பிடும் எவருக்கும் கொஞ்சம் சேரத்தான் செய்யும். அது அதிகம் தங்குவது குடலிலும் ஈரலிலும். மீனின் குடலை நாம் எறிந்துவிடுகிறோம். சேற்றில் கிடந்து நீரை வடிகட்டித் தின்னும் கெராங்கையோ, குடலோடு குவே தியாவில் போட்டு விழுங்குகிறோம். நாசி லெமாக்கின் நெத்திலியும் அப்படித்தான். (என் தட்டில் இரண்டும் உண்டு, நிறுத்தும் எண்ணமும் இல்லை.) வேகவைத்தால் பொலோனியம் அழியாது, ஆனால் 138 நாளில் பாதியாகிவிடும். ஓராண்டு டப்பாவில் கிடந்த சார்டினில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இறக்குமதி மீனுக்கு உள்ள அக்கறை கோலசிலாங்கூர், காப்பார் கெராங்குக்கும் வேண்டும். ஆண்டுதோறும் இனம் இனமாக, குடல் தனி, சதை தனி என்று அளந்து, அந்த எண்களைச் சந்தையிலேயே ஒட்டட்டும். மீன் விலைப்பலகைக்குப் பக்கத்தில் இடமிருக்கிறது.