கட்டிலின் கணக்கு

அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ‘ஒரு கட்டில் காலி’ என்று சொல்வது எளிது. அச்சொல் மெய்யாவதற்கு எத்தனை கூடவேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கட்டில், செயற்கைச் சுவாசக் கருவி, பிராணவாயு, பயிற்சி பெற்ற தாதி, அழைத்ததும் வரக்கூடிய வைத்தியர் ஆகிய ஐந்தும் ஒருசேர அமைந்தாலன்றி அது வெறும் இரும்புச் சட்டமே. வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது, நோயாளி, வைத்தியன், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து பணிபுரிபவனையும் ஒரு கூறாக வைத்தார். கட்டில்களை இணையவழி நிருவகிக்கும் முறையை வகுப்போர் முதலிற் கற்க வேண்டிய பாடம் இதுவென்பேன்.

இறக்காமத்து மக்களாகிய எமக்கு இஃது ஏட்டு விவகாரமன்று. அம்பாறை மாவட்டத்தின் சுகாதார நிருவாகம் அம்பாறை, கல்முனை என இரு பிராந்தியங்களாகப் பிரிந்துள்ளது. எம்மூர் கல்முனைப் பிராந்தியத்தைச் சேர்ந்தது. மாவட்டப் பொது வைத்தியசாலையோ அம்பாறை நகரில் உள்ளது. மூச்சுத் திணறும் ஒருவரை அங்கே அனுப்புவதா, அக்கரைப்பற்றுக்கா, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கா, அன்றி மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கா? ஒவ்வோரிடமாகத் தொலைபேசியில் விசாரித்துக் கொண்டிருந்தால், கழிவது நோயாளியின் ஆயுள். நிருவாக எல்லையை மூச்சு அறியாது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் ‘சுவசெரிய’ வண்டி 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. வண்டிக்கு வழி பிறந்தது, கட்டிலுக்கும் பிறக்கவேண்டும்.

2020 ஜூன் மாதத்தில் டில்லி அரசு, கொவிட் கட்டில்களைக் காட்டும் கைப்பேசிச் செயலியொன்றை வெளியிட்டது. காலியெனக் கண்டு சென்ற இடத்திலும் கட்டில் மறுக்கப்பட்டதென முறைப்பாடுகள் எழுந்தன. 2021 மே மாதத்தில் தமிழ்நாடு, இணையத்தளத்தோடு ஓர் ஒருங்கிணைந்த கட்டளை மையத்தையும் நடத்தியது. எண்ணைக் காட்டுவதோடு நில்லாமல், அழைப்போருக்கு மனிதரே பதிலிறுக்கும் ஏற்பாடு அது. எமது நாட்டிலும் 2010ஐ அடுத்த ஆண்டுகளிலேயே கட்டில் இருப்பை இணையவழி அறியும் முயற்சி தொடங்கிற்று. ஆகவே வேண்டுவது புதுமையன்று, செம்மை.

செம்மை யாது? ஒவ்வோர் எண்ணுக்கும் அது பதியப்பட்ட நேரம் அருகே நிற்கவேண்டும். காலையில் எழுதிய ‘காலி’ மாலையில் பொய்யாகலாம். ‘காலி’, ‘நிரம்பியது’ என்ற இரண்டு போதா; ‘துப்புரவாகிறது’, ‘வருபவருக்காக ஒதுக்கியது’ என்பனவும் வேண்டும். ஒதுக்கீட்டுக்குக் கால எல்லை வேண்டும். இன்றேல் வராதவருக்காகக் கட்டில் காத்துக்கிடக்கும். தாதி இல்லாத கட்டிலைக் காலியென எண்ணலாகாது. பதியும் வேலை ஒரு தொடுகையில் முடியவேண்டும். நோயாளியைப் பார்க்கவேண்டிய கண்ணைத் திரை பறிக்கக் கூடாது. நோயாளியின் பெயர் வெளியாருக்குத் தெரியலாகாது.

“கட்டிலே போதாத நாட்டில் கணக்கு எதற்கு?” என்பார் உளர். கணக்கு கட்டிலைப் படைக்காது என்பது உண்மை. ஆயினும் ‘இடமில்லை’ என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு தடவையும் நாள், நேரம், ஊர் என்பவற்றோடு பதிவானால், பற்றாக்குறை அழுகையாக நில்லாமல் சான்றாக மாறும். அச்சான்றோடு புதிய கட்டிலும் தாதியும் கேட்போரை எளிதில் மறுக்க இயலாது. இன்று அம்மறுப்புகள் தொலைபேசியோடு மறைந்துபோகின்றன.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு; சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு. அங்கே கணினி பயிலும் மாணவர் இப்பணியில் இறங்குவாராயின், முதற்கண் ஓர் இரவேனும் வைத்தியசாலைத் தாதியரோடு அமர்ந்து அவர்கள் வேலையைப் பார்க்கட்டும். அதன்பின் எழுதட்டும் நிரலை.