பிள்ளையிடம் கேட்கவேண்டிய கேள்வி

கல்லூரி விடுதியிலிருந்து பிள்ளை தொலைபேசியில் அழைத்தால் நாம் முதலிற் கேட்பது, "எத்தனை மார்க்கு?" என்பதே. நானும் அவ்வாறே கேட்டேன். முதற் பருவத் தேர்வில் என் தம்பி கணக்கிலே தவறிவிட்டான். "அண்ணா, இங்கே எல்லாருக்கும் விளங்குகிறது, எனக்கு மட்டுந்தான் விளங்கவில்லை. வீட்டுக்கே வந்துவிடுகிறேன்" என்றான். "கடன் வாங்கிப் படிக்கவைப்பது இதற்குத்தானா?" என்று கடிந்துகொண்டேன். அதன்பின் மூன்று வாரம் அவன் அழைக்கவே இல்லை. வீட்டில் எங்கள் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நிற்க. பல மாணவரைத் தளர்த்துவது அறிவுக்குறைவன்று. 'இவ்விடம் நமக்கு உரியதன்று' என்னும் ஐயமே என்பர் உளநூலார். அமெரிக்காவில் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோஹன் ஆகிய இருவர் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதலாண்டு மாணவர் சிலர்க்கு மூத்த மாணவரின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தனர். 'வந்த புதிதில் யாவர்க்கும் இவ்வையம் உண்டு. நாளடைவில் நீங்கும்' என்பதே அவற்றின் சாரம். ஒரு மணி நேர வேலைதான். ஆயினும் அவற்றைப் படித்த கறுப்பின மாணவரின் மதிப்பெண் அடுத்த மூன்றாண்டுகளில் உயர்ந்து, வெள்ளை மாணவரோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. உடல்நலத்திலும் மகிழ்ச்சியிலும் அவர்கள் மேம்பட்டிருந்தனர்.

சொல் மட்டும் போதுமா? போதாது. 22 கல்லூரிகளில் 26,000-க்கு மேற்பட்ட மாணவரிடம் இம்முறையைச் சோதித்த பேராய்வு 2023-இல் வெளியாயிற்று. கலந்து பழக உண்மையான வாய்ப்பு இருந்தவிடத்தே அச்சொல் பலித்தது என்பது அதன் முடிவு.

என் தம்பிக்கு அவ்வாய்ப்பை அளித்தவர் விடுதியிலிருந்த மூத்த மாணவர் ஒருவர். "நானும் முதற் பருவத்தில் இரண்டு பாடத்தில் தவறியவன்தான்" என்று சொல்லி, இரவுதோறும் அவனுடன் அமர்ந்து கணக்குப் போட்டார். அடுத்த முறை தம்பி தேறினான். பெரிய மார்க்கு இல்லை. ஆனால் குரலிலே தெளிவு வந்துவிட்டது. அண்ணனாகிய நான் செய்ததோ, அவன் ஐயத்துக்குச் சான்று கூறியது மட்டுமே.

ஆகவே, இனி நாம் முதலில், "யாரோடு சாப்பிடுகிறாய்? ஐயம் வந்தால் யாரிடம் கேட்கிறாய்?" என்று கேட்போம். மார்க்கைப் பிறகு கேட்கலாம். பொங்கல் விழாவில் முதன்மை பெற்ற மாணவர்க்கு நம் சங்கம் பரிசளிப்பது நன்றே. அதே மேடையில், ஒருமுறை தவறிப் பின் தேறிய மூத்தவர் இருவரையும் பேசச் செய்யலாகாதா? நாம் இவ்வூரில் வந்திறங்கிய நாளில் நமக்கும் யாரோ ஒருவர் கைகொடுத்தாரன்றோ?