துருவும் பொறுமையும்

ஒரு பொருள் பழுதடைந்துவிட்டால், அதன் ஆயுளே முடிந்துவிட்டதென்று நாம் அவசரமாகத் தீர்ப்பு எழுதிவிடுகின்றோம். ஓடாத கடிகாரம் இழுப்பறைக்குள் போகிறது. சுற்றாத தையல் இயந்திரம் பரணுக்குப் போகிறது. துருப்பிடித்த எஞ்சின் காயலான் கடைக்குப் போகிறது. ஆனால், நின்றுபோனது வேறு, அழிந்துபோனது வேறு. இவ்வேறுபாட்டைக் கற்பிப்பதில் இங்கிலாந்தின் தோட்டக் கொட்டகைகளில் கிடக்கும் பழைய புல்வெட்டி இயந்திரங்கள் சிறந்த ஆசான்கள் எனலாம்.

புல்வெட்டி பிறந்ததும் அந்நாட்டில்தான். கம்பளித் துணி நெய்யும் ஆலைகள் நிறைந்த ஸ்ட்ரவுட் நகரப் பகுதியில் வாழ்ந்த எட்வின் பட்டிங் என்பவர், துணியின் மேற்புறத்து நாரைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தின் அமைப்பைப் புல்லுக்குப் பொருத்திப் பார்த்தார். 1830-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1921-இல், பர்மிங்ஹாமில் ‘ஆட்கோ’ என்னும் பெட்ரோல் புல்வெட்டி செய்யப்பட்டது. வுல்வர்ஹாம்ப்டன் நகரத்து வில்லியர்ஸ் நிறுவனத்தின் சிறு எஞ்சின்கள் இத்தகைய கருவிகள் பலவற்றை இயக்கின. கனத்த வார்ப்பிரும்பில் வடித்து, திருகுகளால் பூட்டி, கழற்றவும் மாட்டவும் ஏற்றவாறு செய்யப்பட்டவை அவை. தந்தை தள்ளிய இயந்திரத்தை மகனும் தள்ளினான். பின்னர் ஒரு நாள் அது கொட்டகையின் மூலையில் ஒதுக்கப்பட்டது. மழைச்சாரலும் ஈரக்காற்றும் மற்ற வேலையைச் செய்து முடித்தன.

பல்லாண்டுகள் கழித்து அதை வெளியே இழுத்துக் கயிற்றைப் பற்றினால் அசைவதில்லை. “எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது” என்கிறார்கள். இதன் பொருளென்ன? எஞ்சினின் உருளையாகிய சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடவேண்டும். அதைச் சுற்றியுள்ள வளையங்கள் உருளையின் சுவரை மெல்ல உரசிக்கொண்டே செல்லும். நின்ற நிலையில் ஏதேனும் ஒரு வால்வு திறந்திருந்தால், அவ்வழியே ஈரக்காற்று உள்ளே நுழைந்து சுவரைத் துருப்பிடிக்கச் செய்கிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்னிருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. மயிரிழை அளவான அந்த இடைவெளியில் துரு பருத்ததும் வளையம் இறுகிப் பூட்டிக்கொள்கிறது. எண்ணெய் காய்ந்து பிசினாகிப் பிடித்துக்கொள்வதும் உண்டு. இவ்விரண்டும் பெரும்பாலும் மீளக்கூடியவை. எண்ணெயின்றி ஓடிச் சூடேறி, உலோகம் உலோகத்தோடு இழைந்து நின்றுபோன எஞ்சினோ வேறு வகை. அதற்கு மருந்து குறைவு, மாற்றுறுப்புகளே தேவைப்படும்.

ஆதலால் கருவியைக் கையிலெடுக்கும் முன்பு விசாரணை வேண்டும். பூட்டிக்கொண்டது பிஸ்டன்தானா? வெட்டும் கத்தியில் கம்பியோ கல்லோ சிக்கியிருக்கலாம். ஃப்ளைவீலில் உள்ள காந்தம், அதன் அருகிலுள்ள மின்சுருளோடு சேர்ந்து துருப்பிடித்திருக்கலாம். சங்கிலியைக் கழற்றிவிட்டால், கோளாறு எஞ்சினிலா, வெட்டும் பகுதியிலா என்பது புலனாகிவிடும். இவற்றைப் பாராமல் எஞ்சினைப் பிரிப்பது, பல்வலிக்காரனின் காதைக் கீறிப் பார்ப்பது போன்றது. எதைத் தொடுவதற்கு முன்னும் ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிடுவது கட்டாயம். பூட்டு விடுபட்ட கணத்தில் கத்தி சுழலக்கூடும். விரல் போனால் எந்தப் பட்டறையிலும் மாற்று விரல் கிடையாது.

இனி வைத்தியம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயைச் சிறிது ஊற்றவேண்டும். கடைகளில் இதற்கென்றே விற்பார்கள். தானியங்கி கியருக்கான எண்ணெயோடு அசிட்டோன் கலந்து பயன்படுத்துவோரும் உண்டு. அது எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்படிப் பக்கம் கொண்டுபோகலாகாது. ஊற்றியபின் காத்திருக்கவேண்டும். ஒரு மணி நேரமன்று, சில நாட்கள். சில சமயம் சில வாரங்கள். நாள்தோறும் சிறிது எண்ணெய் சேர்த்து, ஃப்ளைவீலை இருபுறமும் மெல்ல ஆட்டிப் பார்க்கவேண்டும். ஒரே திசையில் வலிந்து திருப்பலாகாது. மயிரளவு அசைந்தால் போதும். அசைந்த இடத்தில் எண்ணெய் நுழையும், நுழைந்த எண்ணெய் அடுத்த அசைவுக்கு வழிவிடும்.

இங்கேதான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள். இரண்டாம் நாளே சுத்தியலை எடுத்து ஓங்கி அடிக்கிறார்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். ஃப்ளைவீலின் இறகுகள் முறிந்தும், வளையங்கள் நொறுங்கியும், தண்டு கோணியும் போன எஞ்சின்கள் துருவினால் அழிந்தவையல்ல, அவசரத்தினால் அழிந்தவை. அரை நூற்றாண்டுத் துருவை அரை மணி நேரத்தில் வெல்ல நினைப்பதால் வரும் விளைவு அது. தட்டியே ஆகவேண்டிய நிலை வந்தால், சிலிண்டரின் தலைப்பகுதியைக் கழற்றி, பிஸ்டனின் மேல் மரக்கட்டையை வைத்து, அதன்மீது மெல்லத் தட்டுவதே முறை.

வெளிப்புறத் துருவுக்கு வேறு வழி உண்டு. பிளாஸ்டிக் தொட்டி நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, துருவேறிய இரும்புறுப்பை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், பழைய இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு மூழ்கவைத்தால் துரு தளர்ந்து கழன்றுவிடும். தகடு எவர்சில்வராக இருக்கக்கூடாது. அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் கலக்கும். அலுமினிய உறுப்புகளை இந்நீரில் இடுவதும் தகாது, அரித்துவிடும். தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த வெளியிலேயே செய்யவேண்டும். சார்ஜரை நிறுத்தாமல் நீரில் கையை விடக்கூடாது.

பிஸ்டன் விடுபட்டதும் மகிழ்ச்சியில் கயிற்றை இழுத்துவிடக் கூடாது. பிளக் இல்லாமலே மெல்லச் சுழற்றி, தேங்கிய எண்ணெயை வெளியேற்றவேண்டும். பழைய பெட்ரோலைக் கொட்டி, கார்புரேட்டரில் படிந்த பிசினைக் கழுவி, மின்பொறி எழுகிறதா என்று பார்த்து, புதிய எண்ணெய் இடவேண்டும். ‘டூ ஸ்ட்ரோக்’ எஞ்சினாயின் பெட்ரோலோடு எண்ணெயை உரிய அளவில் கலக்காவிடில் மறுபடியும் பூட்டிக்கொள்ளும். இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதையும் கருத்திற் கொள்ளவேண்டும். இந்தியாவில் 2025-இல் இக்கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழங்காலத்து ரப்பர் உறுப்புகளை நைந்துபோகச் செய்யும். ஆகவே வேலை முடிந்ததும் தொட்டியைக் காலியாக்கி வைப்பதே நலம். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உயிரைக் கொண்டுபோகும்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு பழைய இயந்திரத்தை ஓட்டத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிறு பெட்ரோல் எஞ்சின்கள் புகை கக்குபவை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், 2024-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து புதிய தோட்டக் கருவிகளில் பெரும்பாலானவை புகையற்றவையாக இருக்கவேண்டுமென விதித்தது. நாள்தோறும் பயன்படுத்துவதற்குப் புதியது மேலாக இருக்கலாம். உருளைச்சுவர் ஆழமாகக் குழிந்துபோயிருந்தாலோ, வார்ப்பு விண்டிருந்தாலோ, நல்ல உறுப்புகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விடைகொடுப்பதும் அறிவுடைமைதான்.

எனினும் அங்கே மீட்கப்படுவது இயந்திரம் மட்டுமன்று. பிரித்துப் பார்க்கும் துணிவும், பழுதின் காரணத்தைத் தேடும் பழக்கமும் உடன் மீள்கின்றன. பிரிக்கவே முடியாதபடி ஒட்டி மூடப்பட்ட பொருட்களை வாங்கிவாங்கி நாம் இழந்தவை அவை. இவ்விழப்பை அரசுகளும் உணரத் தொடங்கின. பிரான்ஸ் நாடு 2021 முதல் சில பொருட்களுக்கு, பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்கான மதிப்பெண்ணைக் காட்டச் சொன்னது. நம் நாட்டிலும் பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022 டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளம் தொடங்கப்பட்டது. அதில் வேளாண் கருவிகளும் அடங்கும்.

நம் இல்லங்களில் புல்வெட்டி இல்லாமலிருக்கலாம். கொல்லையில் அத்தாவின் காலத்துப் பம்புசெட் கிடக்கும். பரணில் உம்மாவின் தையல் இயந்திரம் இருக்கும். எடைக்குப் போடுமுன் ஒருமுறை அதைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெயிட்டு, சில நாள் காத்திருங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அது ஓடினால் ஒரு பொருள் மிஞ்சும். ஓடாவிடினும், எங்கே வலிமை வேண்டும், எங்கே பொறுமை வேண்டும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டிருப்பார்கள்.