வலி மருந்தை விடும் வழி



1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தை நம் கம்பம் பள்ளத்தாக்கில் கேள்விப்படாதவர் அரியர். கஞ்சா வழக்குகளே அதன் பெயரை நம் ஊர்களுக்குக் கொண்டுவந்தன. ஆனால் புற்றுநோயாளரின் கொடிய வலியைத் தணிக்கும் மார்பின் மருந்தும் அதே சட்டத்திற்குள் அடங்கியது என்பதைப் பலர் அறியார். அறிந்தவரோ அஞ்சுகின்றனர். மருந்தை வாங்கவே தயங்குவோர் ஒருபுறம். வாங்கி உண்டுவந்ததை ஒரே நாளில் தூக்கி எறிவோர் மறுபுறம். இரண்டுமே தீங்கு.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்று அபினிச் செடி பயிராகிறது. அவ்வாறிருந்தும், 1997-இல் நாடு முழுவதும் மருத்துவத்திற்குப் பயன்பட்ட மார்பின் ஏறத்தாழ 18 கிலோ மட்டுமே! மாநிலந்தோறும் வெவ்வேறு விதிகள், பல உரிமங்கள், தண்டனை அச்சம் ஆகியவை மருத்துவமனைகளைப் பின்வாங்கச் செய்தன. மலைக்கு அப்பால் கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர் எம். ஆர். இராஜகோபாலும் அவர்தம் தோழர்களும் வலி தணிப்புப் பணியைத் தொடங்கினர். சட்டம் மாற வேண்டுமென்று நெடுங்காலம் வாதாடினர். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இன்று மார்பின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாதவை எனப் பட்டியலிடப்பட்டுள்ளன. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை, பயிற்சி பெற்ற மருத்துவர், முறையான கணக்கு ஆகிய மூன்றும் இருந்தால் நோயாளிக்கு அவற்றைத் தரத் தடையில்லை.

டிரமடால் மாத்திரை 2018 ஏப்ரலில் இச்சட்டத்தின்கீழ் வந்தது. மருத்துவர், நோயாளி, மருந்தின் அளவு ஆகிய விவரங்களை மருந்துக்கடைக்காரர் தனிப்பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காத்து வைத்தல் வேண்டும். ஆகவே சீட்டைக் கேட்கும் கடைக்காரரைக் கடிந்துகொள்ளாதீர்கள். சீட்டின்றித் தருபவரையே ஐயுறுங்கள்.

இனி நாம் முதன்மையாகச் சொல்ல வந்ததற்கு வருவோம். விடியலில் ஜீப் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, நாளெல்லாம் குனிந்து உழைத்து, முதுகுவலியோடு திரும்புவோர் நம் பங்குகளில் பலர். அத்தகைய ஒருவர் மாதக்கணக்கில் இவ்வகை மாத்திரையை உண்டுவருகிறார் என வைத்துக்கொள்வோம். வீட்டார் அஞ்சி அதை ஒருநாள் பறித்துவிடுகின்றனர். மறுநாளே கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, மயிர்க்கூச்சம், வயிற்றுக்கடுப்பு, பேதி, உறக்கமின்மை, மனப்பதற்றம் எனத் துன்பம் தொடங்குகிறது. "பார்த்தீர்களா, போதைக்கு அடிமையாகிவிட்டார்" என்கிறது ஊர். இது பெரும்பிழை. நெடுநாள் பெற்ற மருந்துக்கு உடல் பழகிப்போவது இயல்பு. கேடு வருவதை அறிந்தும் அடக்கவியலாத வேட்கையோடு மருந்தைத் தேடி அலைவதே அடிமைத்தனம். இரண்டையும் ஒன்றாக்கி ஒருவரை அவமதிப்பது அநீதி.

அமெரிக்காவில் 2016-இல் வெளியான வழிகாட்டுதலைத் தவறாகப் பற்றிக்கொண்டு, பல நோயாளருக்கு மருந்து சட்டென நிறுத்தப்பட்டது. தாங்கொணா வலியும் தற்கொலையும் நேர்ந்ததாக அந்நாட்டு மருந்துத்துறை 2019-இல் எச்சரித்தது. 2022-இல் வழிகாட்டுதல் திருத்தப்பட்டது. ஓராண்டுக்கு மேல் உண்டவருக்கு மாதத்திற்குப் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதனினும் மெதுவாகக் குறைப்பதே பெரும்பாலோர்க்குத் தாங்கும் என்கிறது அது. சில வாரங்களே உண்டவருக்கு விரைந்து குறைக்கலாம். துன்பம் மிகுந்தால் இடையே நிறுத்தி இளைப்பாறலாம். மலையிலிருந்து இறங்குபவர் குதிப்பதில்லை. வளைவு வளைவாகவே இறங்குகிறார்.

குடும்பத்தார் மனத்தில் கொள்ள வேண்டியவை:

1. குறைக்கும் அளவையும் காலத்தையும் மருத்துவரே முடிவு செய்யட்டும். அண்டைவீட்டாரின் அனுபவம் அளவுகோலாகாது.

2. குறைத்தபின் அல்லது சில நாள் நிறுத்தியபின், வலி தாளாமல் பழைய அளவை ஒரேயடியாக உண்ணலாகாது. உடல் தாங்கும் திறனை இழந்திருக்கும்; மூச்சு அடங்கி உயிர் போகலாம்.

3. மதுவும் தூக்க மாத்திரையும் இம்மருந்தோடு சேரவே கூடாது.

4. மருந்தைப் பூட்டி வையுங்கள். எஞ்சியதைப் பிறருக்குத் தராமல், கொடுத்த மருத்துவமனையிடமே ஒப்படையுங்கள்.

5. நோயாளி வாழ்வை வெறுத்துப் பேசினால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மற்றொன்றும் உண்டு. எல்லாருமே மருந்தைக் குறைக்க வேண்டுமென்பதில்லை. முற்றிய புற்றுநோயால் வாடுபவரிடம் "வலியைச் சிலுவையாக ஏற்றுக்கொள்" என்று கூறி மருந்தை மறுப்பது பக்தியாகாது. வலி தணிப்பதே நோக்கமாயின், ஆயுள் சற்றுக் குறையக்கூடுமெனினும், தக்க நிலையில் மருந்து தரலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இலேயே மருத்துவர்களுக்குத் தெளிவுபடுத்தினார்.

ஆகவே, தேவையுள்ளவருக்கு மருந்தை மறுக்க வேண்டாம். விடவேண்டியவரை வீழ்த்தவும் வேண்டாம். அவர் ஒவ்வொரு படியாக இறங்கும் அம்மாதங்களில், குறை கூறாமல் அருகிருக்கும் ஒருவர் வீட்டில் இருப்பாராக. அதுவே மருத்துவர் எழுதித் தர இயலாத மருந்து.