முதுமையின் பாட்டு



போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில், ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளை நீங்கள் அறிவீர்கள். பல்லாண்டுகள் அவற்றில் சென்றுவந்த மூதாட்டி ஒருவரை, அண்மையில் வீடு சந்திப்பின்போது கண்டேன். ஏலம் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்ப்பது. குனிந்தும் குந்தியும் காய் எடுத்தே அவர் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. வீட்டில் சோற்றுக்கும் மருந்துக்கும் குறைவில்லை. "நலமா, அம்மா?" என்றேன். "இருக்கேன் சாமி. பாட்டுத்தான் இல்லாமப் போச்சு" என்றார்.

அச்சொல் என்னைத் தைத்தது. ஏனெனில், அந்தப் பாட்டை நிறுத்தியவன் நானே. பெரிய வெள்ளியன்று பாடுபட்ட சுரூபத்தின்முன் அவரும் அவர் தோழியரும் புலம்பல் பாடுவது வழக்கம். இளைஞர் பாடற்குழு அமைந்தபோது, நேரம் நீளுகிறதென்று கூறி அதனைக் கைவிடச் செய்தேன். வழிபாடு ஒழுங்காயிற்று, எத்தனை வாய்களை அடைத்தேன் என்பதை அன்று எண்ணவில்லை.

முதியோருக்குக் கலை எதற்கு என்போர் உண்டு. நம் மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, 14 வயதில் தமையனார் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்றவர். 1976-இல் 'அன்னக்கிளி'யால் பெயர் பெற்றார். அதன்பின் எத்தனையோ படங்களுக்கு இசையமைத்தும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 2025 மார்ச் 8-ஆம் நாள், 81 வயது நிறைந்த நிலையில், இலண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு தம் 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். இத்தாலிய இசைமேதை வெர்டியின் 'ஃபால்ஸ்டாஃப்' இசைநாடகம் 1893-இல் அரங்கேறியபோது அவருக்கு வயது 79.

"அவர்கள் மேதைகள், எங்கள் பாட்டிக்கு அதெல்லாம் ஏது?" எனலாம். மேதைமை சிலருக்கே; பாட்டோ எல்லாருக்கும் உரியது. பாடும்போது மூச்சு ஆழ்கிறது. பிறரோடு சேர்ந்து பாடும்போது தனிமை தளர்கிறது. மறதி நோயால் பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவர்கூட, இளமையில் கற்ற பாட்டைப் பாடுவதுண்டு. பாட்டு நோயைக் குணமாக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், தாம் இன்னும் பிறருக்குக் கொடுக்க வல்லவர் என்ற உணர்வை அது தருகிறது. முதியவர் பலருக்குச் சோற்றுப் பசியினும் பெரிது அந்தப் பசி.

ஆலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்டு இறைவனைப் புகழ்ந்த அன்னாவைப் பற்றிக் கூறும் லூக்கா, 84 என்னும் எண்ணையும் மறவாமல் குறித்திருக்கிறார். அந்த முதியவளின் புகழ்ச்சியை ஆலயத்தில் எவரும் தடுத்ததாக அவர் எழுதவில்லை.

மறுவாரம் பாடற்குழுப் பிள்ளைகள் நால்வருடன் அம்மூதாட்டியிடம் சென்று, என் தவற்றைச் சொல்லி, பாடும்படி வேண்டினேன். தயங்கினார், பின் நடுங்கும் குரலில் தொடங்கினார். இரண்டாம் அடியில் நடுக்கம் நின்றது. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். வரும் பெரிய வெள்ளியன்று அவர் நாற்காலியில் அமர்ந்து முதலடி எடுப்பார், பிள்ளைகள் தொடர்வார்கள். அவர் தோழியருள் இருவர் இன்று உயிரோடில்லை. அவர்கள் அறிந்திருந்த பாட்டுகளைக் கேட்க இனி வழியில்லை.

ஆகையால், அன்புக்குரியவர்களே, இன்றிரவு செபமாலை முடிந்ததும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "அப்பத்தா, ஒரு பாட்டுப் பாடுங்க" என்று கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.