தெருமுனையில் நின்றுபோன தந்தி



போன மாதச் சுவரிதழில் "செல்போன் நன்மையா? தீமையா?" என்று ரெண்டு பேர் எழுதியிருந்தார்கள். ரெண்டுமே நல்லா இருந்தது. ஆனால் எனக்கு வேறு ஒரு கேள்வி வந்தது. ஒரு செய்தி எவ்வளவு வேகமா வருதுன்னுதான் எல்லாரும் பேசுறோம். அது சேர வேண்டிய ஆள் காதில் போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்க்கிறது?

எங்க ஆயா கடலூர் பக்கத்தில் பிறந்தவங்க. கல்யாணம் ஆகி சாத்தாங்காட்டுக்கு வந்தாங்க. 1980-களில் ஒருநாள் ஆயாவோட அம்மா இறந்துட்டாங்க. ஊரிலிருந்து தந்தி அடிச்சாங்க. அது அன்னிக்கே சென்னைக்கு வந்துடுச்சு. ஆனால் எங்க தெருவில் அப்போ ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண். தந்தி அந்த இன்னொரு வீட்டுக்குப் போயிடுச்சு. அங்கே பெரியவங்க யாரும் இல்லை. வாங்கின சின்னப் பையன் அதை மாடத்தில் வெச்சிட்டு விளையாடப் போயிட்டான். ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஆயா கைக்கு வந்தது. ஆயா அழுதுகிட்டே ஊருக்குப் போனப்ப எல்லாம் முடிஞ்சு பாலும் தெளிச்சாச்சு. அம்மா முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்க முடியலை.

"நூறு மைல் கம்பியில ஓடி வந்த சேதி, நாலு வீடு தாண்ட முடியாம நின்னுடுச்சே" என்று ஆயா இன்னிக்கும் சொல்வாங்க. நான் எழுத வந்ததும் அந்த நாலு வீட்டைப் பற்றித்தான்.

புள்ளியும் கோடும்

அந்தக் காலத்தில் தூரத்துக்குச் செய்தி சொல்ல முரசு அறைந்தார்கள், மலை உச்சியில் தீ மூட்டினார்கள், புறாவை விட்டார்கள், ஆளை ஓடவிட்டார்கள். அப்புறம் மின்சாரம் வந்தது. 1844 மே 24 அன்று அமெரிக்காவில் சாமுவேல் மோர்ஸ், வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பிக் காட்டினார். எழுத்துகளைப் புள்ளியாகவும் கோடாகவும் மாற்றித் தட்டும் முறை அது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்றால் எஸ்.ஓ.எஸ்., அதாவது "காப்பாத்துங்க!"

நம் நாட்டில் 1850-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் நடுவில் முதல் தந்திக் கம்பி போட்டார்கள். போட்டவர் ஓஷாக்னசி. அவர் ஒரு டாக்டர் என்றால் நம்புவீர்களா? 1855-ல் பொதுமக்களும் தந்தி அனுப்பலாம் என்று ஆனது. அதற்கு அடுத்த வருஷம், 1856 ஜூலை 1-ல், நம்ம ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. 1871-ல் கடலுக்கு அடியில் போட்ட கம்பி வழியாகச் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குத் தந்தி போனது. 1882-ல் சென்னைக்கு டெலிபோன் வந்தது. 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். இப்போ நமக்குத் தந்தி என்றால் டீக்கடையில் கிடக்கும் 'தினத்தந்தி' பேப்பர்தான் ஞாபகம் வரும்.

இந்த வருஷங்களை மனப்பாடம் பண்ணினால் பரீட்சையில் மார்க் கிடைக்கும். ஆனால் எனக்கு இந்த வரலாற்றில் பிடித்தது மெஷின்கள் இல்லை. மெஷின் பக்கத்தில் இருந்த மனுஷங்கதான்.

தூங்கியவரும் தூங்காதவரும்

டைட்டானிக் படம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1912 ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்கு அது பனிப்பாறையில் மோதியது. கம்பியில்லாத் தந்தி மூலம் உதவி கேட்டார்கள். ரொம்பப் பக்கத்தில் இருந்தது கலிபோர்னியன் என்ற கப்பல். அதிலும் தந்திக் கருவி இருந்தது. ஆனால் அதைக் கவனிக்க ஒரே ஒரு ஆள். நாள் முழுக்க வேலை செய்த களைப்பில், மோதலுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் கருவியை மூடிவிட்டுப் படுக்கப் போயிருந்தார். தூரத்தில் இருந்த கார்பேதியா கப்பலுக்கு அந்தக் குரல் கேட்டது. அது ஓடி வந்து 700-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியது. 1500 பேர் போல இறந்துவிட்டார்கள். அதற்கப்புறம் 1914-ல் லண்டனில் மாநாடு கூடி, பயணிகள் கப்பல்களில் ராத்திரி பகல் எந்நேரமும் தந்தியைக் கேட்க ஆள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

இன்னொரு கதை நம்ம துறைமுகத்துக் கதை. "அவன் சரியான எம்டன்" என்று நம்ம வீட்டில் திட்டுவார்களே, அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டு, எண்ணெய்த் தொட்டிகளை எரியவிட்டு, பிடிபடாமல் தப்பியது. அதை மாட்டிவிட்டது யார் தெரியுமா? பீரங்கி இல்லை, ஒரு சின்னத் தீவின் தந்தி நிலையம்! நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் இருந்த அந்த நிலையத்தை உடைக்க எம்டன் வீரர்கள் கரை இறங்கினார்கள். அவர்கள் கம்பியை வெட்டுவதற்கு முன்பே அங்கிருந்தவர்கள் "தெரியாத கப்பல் வந்திருக்கிறது" என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டு வந்த சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் எம்டனை அன்றைக்கே அடித்து முடித்தது.

கருவி ரெண்டு இடத்திலும் இருந்தது. ஒரு இடத்தில் கேட்கிற ஆள் தூங்கிட்டார். இன்னொரு இடத்தில் சொல்கிற ஆள் விழிச்சிருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

இரண்டு டிசம்பர் 26

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணி போல சுமத்ரா பக்கத்தில் கடலுக்கு அடியில் நிலம் நடுங்கியது. சுனாமி நம் கரைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சாட்டிலைட், டி.வி., இன்டர்நெட், செல்போன் எல்லாம் இருந்தும் நம்ம கடற்கரைக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவ கிராமம் தப்பியது. சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி கேட்டு வீட்டுக்கு போன் போட்டார். அந்த ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய தகவல் மையம் இருந்தது. கடல் அலை எப்படி இருக்கும் என்று தினமும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அதே ஒலிபெருக்கியில் "எல்லாரும் ஓடுங்க" என்று அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் பிழைத்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்தது ஒரே ஒரு வீட்டுக்கு வந்த போன். அதை ஊருக்கே வந்த போனாக மாற்றியது ஒரு மைக் செட்!

சரியாக 19 வருஷம் கழித்து, 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, நம்ம எண்ணூரில் ஒரு தொழிற்சாலைக்காகக் கடலுக்கு அடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்தில் இருந்தவங்க எல்லாம் மூச்சு முட்டி எழுந்து ஓடினாங்க. பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க. எங்க சித்தி வீடும் அந்தப் பக்கம்தான். சித்திக்கு எந்த போனும் வரலை, எந்தச் சங்கும் கேட்கலை. பக்கத்து வீட்டு அக்கா கதவை இடிச்சு எழுப்பினதாலதான் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ஓட முடிஞ்சது. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கணும் என்று சொன்னதும் அந்த அக்காதான்.

இப்போ "அதான் எல்லார் கையிலயும் போன் இருக்கே" என்று கேட்பீர்கள். இருக்கு. ஆபத்து எச்சரிக்கையைப் போனுக்கே அனுப்பும் சோதனையும் 2023-ல் நடந்தது. ஆனால் எங்க வீட்டு போன் அப்பாவோடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போயிடும். ஆயாவிடம் போன் இல்லை. மிக்ஜாம் புயலப்போ கரண்ட் போய், சார்ஜ் தீர்ந்து, எங்க தெருவில் ஒரு போன்கூட அடிக்கலை. சுற்றிலும் கம்பெனி, குழாய், டேங்கர் லாரி, ஒரு பக்கம் கடல். இப்படிப்பட்ட இடத்தில் இருக்கிற நாம் போனை மட்டும் நம்பலாமா?

நம்மால் முடிந்தது

அதனால் நம் பள்ளிக்கு மூன்று யோசனை சொல்கிறேன்.

1. நம்ம மணி ஒரு தண்டவாளத் துண்டு. அதுக்குக் கரண்டும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம். பாடவேளைக்கு விட்டு விட்டு அடிக்கிறோம். நிறுத்தாமல் அடித்தால் ஆபத்து என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கும் அதைச் சொல்லிவைப்போம்.

2. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் தெருவுக்கு ரெண்டு பேர் பொறுப்பு எடுப்போம். போன் இல்லாதவர்கள், காது கேட்காதவர்கள், தனியாக இருக்கிற தாத்தா பாட்டிகள் எந்த வீட்டில் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். ராத்திரி பள்ளி பூட்டியிருந்தால், நம்ம வீட்டுப் பெரியவர்களோடு போய் அந்தக் கதவுகளை முதலில் தட்டுவோம்.

3. 112, 108, 1077 ஆகிய எண்களை இந்தச் சுவரிலேயே பெரிசாக எழுதுவோம். 1077 மாவட்டப் பேரிடர் உதவி எண்.

"இதனால் புரளி கிளம்பாதா?" என்று ஒரு டீச்சர் கேட்டாங்க. நல்ல கேள்வி. "வதந்தி"க்குள்ளேயும் ஒரு தந்தி ஒளிஞ்சிருக்கே! அதனால் ஆசிரியரோ பெரியவரோ அந்த எண்களில் கேட்டு உறுதி செய்த பிறகுதான் மணி அடிக்க வேண்டும். ஆனால் மூக்கு எரிகிற நாற்றம் வந்தால் காத்திருக்கக் கூடாது. கதவைத் தட்டிக்கொண்டே ஓட வேண்டியதுதான்.

இதை எழுதி முடித்து ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "அந்த நோட்டுல கதவு நம்பரை மட்டும் நம்பாத, ஆள் பேரையும் எழுது" என்றாங்க. எழுதுறேன் ஆயா.

தலைமையாசிரியர் அனுமதி தந்தால் வரும் சனிக்கிழமையே எங்க தெருவில் கணக்கெடுக்க நான் தயார். என்கூட யார் வர்றீங்க?



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
ஊராட்சி ஒன்றியப் பள்ளி,
சாத்தாங்காடு.