நிகாஹுக்குப் பின் வரும் கேள்விகள்



வளைகுடா மாப்பிள்ளை, சிங்கப்பூர் மாப்பிள்ளை என்றிருந்த வரிசையில் கனடா மாப்பிள்ளையும் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மூன்று வார விடுப்பில் வருகிறார். பெண் பார்த்து, நிகாஹ் முடித்து, வலீமா விருந்தும் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார். அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் பெண் வீட்டாருக்குக் கைபேசியில் ஒரு பட்டியல் வருகிறது. காவல்துறைச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, முன்பு மணமாகியிருந்தால் அது முடிந்ததற்கான ஆவணம், குழந்தைகள் இருந்தால் அவர்களின் விவரம் என்று அது நீள்கிறது. பட்டியலைப் படித்துக் காட்டியதும் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து முதலில் எழும் சொல்லை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்: "எம் புள்ள என்ன குத்தம் செஞ்சிச்சு, போலீஸ்ல போய் சர்ட்டிபிகேட் வாங்க?"

அந்த மனவருத்தம் நமக்குப் புரிகிறது. எனினும் அது தேவையற்ற வருத்தம். அந்தச் சான்றிதழ் யார்மீதும் சுமத்தப்படும் குற்றமன்று. கணவனோ மனைவியோ விண்ணப்பித்துக் குடியேற வரும் எவரிடமும், அவர் எந்த மதத்தவராயினும் எந்த நாட்டவராயினும், கனடா இதைக் கேட்கிறது. நம்மைத் தனியே பிரித்துச் சந்தேகிக்கிறார்கள் என்று எண்ணிக் குமைவதில் பயனில்லை. நாம் வருந்த வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது. நிகாஹுக்கு முன்பே நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை, நிகாஹ் முடிந்த பின் ஓர் அந்நிய அரசு கேட்கிறது.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுவோம். பதினெட்டு வயது நிறைந்த ஒருவர் கடந்த 10 ஆண்டுகளில் எந்த நாட்டிலெல்லாம் தொடர்ச்சியாக 6 மாதமோ அதற்கு மேலோ வசித்தாரோ, அந்த நாடுகளின் காவல்துறைச் சான்றிதழை அவர் கொடுக்க வேண்டும். இப்போது வசிக்கும் நாட்டின் சான்றிதழ் விண்ணப்பிப்பதற்கு முந்தைய 6 மாதங்களுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். முன்பு வசித்த நாட்டின் சான்றிதழ், கடைசியாக அங்கே அப்படித் தங்கிய காலத்திற்குப் பின் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். இந்தியாவில் இதைப் பாஸ்போர்ட் சேவா வழியாகவே பெறுகிறோம். கட்டணம் 500 ரூபாய். கடவுச்சீட்டில் ஒரு முகவரி, குடியிருப்பது வேறொரு முகவரி என்றால் காவல் விசாரணை இழுபடும். திருமணத்திற்குப் பின் பெண் மாமியார் வீட்டுக்குப் போய்விடும் ஊர்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி எழுகிறது. காயல்பட்டினத்தாருக்கும் கீழக்கரையாருக்கும் இந்தக் கவலை குறைவு; அங்கே பெண் தாய்வீட்டிலேயே இருக்க, மாப்பிள்ளைதான் வந்து போகிறார்!

விசாரணைக்கு வருபவருக்குச் 'சாயாக் காசு' கொடுப்பது வழக்கம்தானே என்று சிலர் நம்மிடம் ஃபத்வா கேட்கும் தோரணையில் கேட்கிறார்கள். இலஞ்சம் வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் நபி (ஸல்) அவர்களின் சாபத்துக்குரியவர் என்பது மதரஸாவில் ஓதும் சிறுவர்களுக்கும் தெரியும். குற்றமற்றவர் என்பதற்கான சான்றையே இலஞ்சம் கொடுத்து வாங்குவதன் பொருத்தமின்மையை நாம் விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் வளர்ந்த பெண்களுக்கு வேலை கூடும். தந்தையின் பணி நிமித்தம் ஜித்தாவிலோ துபாயிலோ இருபது, இருபத்திரண்டு வயதுவரை இருந்துவிட்டு ஊர் திரும்பிய பெண், அந்நாட்டுச் சான்றிதழையும் வாங்கியாக வேண்டும். அங்கிருந்து வெளியேறிய பின் இதைப் பெறுவதற்குக் கைரேகை எடுப்பது, தூதரகத்தை நாடுவது என்று பல படிகள் உண்டு. மலேசியாவில் இருந்தவர்கள் அந்நாட்டு வெளியுறவு அமைச்சின் நன்னடத்தைச் சான்றிதழைப் பெற வேண்டும். ஆகவே தொடங்கும் வேலையை அங்கேயிருந்து தொடங்குவதே அறிவுடைமை. உள்ளூர்ச் சான்றிதழ் பிறகு வரட்டும்.

மருத்துவப் பரிசோதனையைக் குறித்துத்தான் தாய்மார்களுக்கு அதிக அச்சம். "புள்ளைய எங்கெல்லாம் பார்ப்பாங்களோ" என்ற கவலை அது. நம் குடும்ப மருத்துவர் இதைச் செய்ய முடியாது. கனடா அரசு அங்கீகரித்த மருத்துவரிடமே செல்ல வேண்டும். அத்தகையோர் சென்னையில் இருக்கிறார்கள். எடை, உயரம், இரத்த அழுத்தம், சிறுநீர், இரத்தம், மார்பு எக்ஸ்ரே ஆகியவையே முக்கியமானவை. மறைவுறுப்புகளைப் பரிசோதிக்கத் தேவையில்லை என்று அந்நாட்டுக் குடிவரவுத் துறையே அறிவித்திருக்கிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். உடன் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். இந்த இரண்டும் விண்ணப்பதாரரின் உரிமைகள். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டால், அங்கே போய் வாக்குவாதம் செய்ய நேராது. பெண் கருவுற்றிருந்தால் எக்ஸ்ரேயைப் பிரசவத்திற்குப் பின் தள்ளிவைக்கலாம். ஆனால் அதற்கேற்ப விண்ணப்பமும் தாமதமாகும், பிறக்கும் குழந்தையின் பெயரையும் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும்.

நோயை மறைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல ஆண்டுகளுக்கு முன் காசநோய் வந்து, மருந்து உண்டு, குணமான பெண்ணின் வீட்டார் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டாம் என்று அவளைத் தடுக்கிறார்கள். நுரையீரலின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். பிறகு சளிப் பரிசோதனை, அதன் வளர்ப்புச் சோதனை என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். பழைய சிகிச்சைக் குறிப்பேட்டை எடுத்துச் சென்று முதலிலேயே காட்டிவிடுவதே நல்லது. நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மறுத்துவிடுவார்கள் என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. மருத்துவச் செலவு அதிகமாகும் என்ற காரணத்தால் ஒருவரை மறுக்கும் விதியிலிருந்து, கனடாவில் இருப்பவரின் கணவனுக்கும் மனைவிக்கும் அந்நாட்டுச் சட்டம் விலக்களித்திருக்கிறது. பொய் சொன்னால் நிலைமை வேறு. உண்மையை மறைத்தது கண்டறியப்பட்டால் 5 ஆண்டுகளுக்கு அந்நாட்டுக் கதவு மூடப்படும்.

இனி நமது முதன்மையான கருத்துக்கு வருவோம்.

பெண்ணின் இரத்தம் பரிசோதிக்கப்படுகிறது. எச்.ஐ.வி., சிஃபிலிஸ் சோதனைகளும் அதில் அடங்கும். மாப்பிள்ளை ஏற்கெனவே அந்நாட்டுக் குடிமகன் அல்லது நிரந்தர வசிப்பாளர் என்பதால், இந்த விண்ணப்பத்தில் அவருக்கு மருத்துவப் பரிசோதனை இல்லை. அரசைப் பொறுத்தவரை அது நியாயமாக இருக்கலாம். புதிதாக உள்ளே வருபவரைத்தான் அது பார்க்கும். ஆனால் பெண்ணின் தந்தைக்கும் அதே நியாயம் போதுமா? சவூதி அரேபியாவில் 2004 முதல் மணமக்கள் இருவருக்கும் மணத்துக்கு முந்தைய பரிசோதனை கட்டாயம். தலசீமியா, அரிவாள் அணு இரத்தசோகை போன்ற பரம்பரை நோய்களுக்காகத் தொடங்கி, பின்னர் கல்லீரல் அழற்சியும் எச்.ஐ.வி.யும் சேர்க்கப்பட்டன. நெருங்கிய சொந்தத்தில் மணமுடிக்கும் வழக்கமுள்ள நம் ஊர்களில் இப்படியொரு சோதனையை ஜமாஅத் நிர்வாகத்தில் முன்மொழிந்தால் "அல்லாஹ் மேல் தவக்குல் வைங்க ஹஜ்ரத்" என்று நமக்கே பாடம் நடத்துகிறார்கள்.

குற்றப் பின்னணியைப் பொறுத்தவரை கனடா அரசு மாப்பிள்ளையையும் விட்டுவைக்கவில்லை. குடும்பத்தாரை அடித்துக் காயப்படுத்தித் தண்டனை பெற்றவர், முன்னாள் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சத்தைக் கொடுக்காமல் நிலுவை வைத்திருப்பவர், முன்பு ஒரு மனைவியை வரவழைத்து அதற்கான 3 ஆண்டுப் பொறுப்புக் காலம் முடியாதவர் ஆகியோர் இன்னொரு மனைவியை வரவழைக்க முடியாது. முதல் மனைவி இருக்க இரண்டாவதாக மணந்த பெண்ணை அந்நாடு மனைவியாக ஏற்பதில்லை. இவற்றுள் எதை நாம் நிகாஹ் மஜ்லிஸுக்கு முன் கேட்டோம்? சம்பளம் கேட்டோம், வீடு சொந்தமா என்று கேட்டோம். "முன்னால் மணமானவரா, அந்தப் பிள்ளைகளுக்கு யார் செலவு செய்கிறார்?" என்று கேட்க வாய் வரவில்லை.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், விண்ணப்பத்தின் பாதியில்தான் மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு முறிந்த திருமணமும் ஜீவனாம்ச நிலுவையும் இருப்பது தெரியவந்தது. தந்தை கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நம் முன் அமர்ந்திருந்தார். மகள் அப்போது கருவுற்றிருந்தாள். அவரிடம் சொல்ல நம்மிடம் சட்டமும் இல்லை, ஆறுதலும் இல்லை. நிலுவை அடைக்கப்படும்வரை காத்திருங்கள் என்றோம். ஓராண்டுக்கு மேலாகியும் காத்திருக்கிறார்கள்.

மறைத்தல் பெண் வீட்டிலும் நடக்கிறது. முதல் கணவர் மூலம் பிறந்த பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, விண்ணப்பத்தில் அந்தப் பெயரே எழுதாமல் போகிறவர்கள் உண்டு. உடன் வராத பிள்ளையாக இருந்தாலும் பெயரைக் குறிப்பிட வேண்டும், பரிசோதனைக்கும் உட்படுத்த வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் பிற்காலத்தில் அந்தப் பிள்ளையைத் தாயிடம் வரவழைக்கும் வழியே அடைபட்டுப்போகலாம். ஒரு வரியை மறைத்ததற்காகப் பெற்ற பிள்ளையை இழப்பது எத்தகைய வியாபாரம்?

இப்படிக் கேட்பதும் சொல்வதும் புறம் பேசுதல் ஆகாதா என்று தயங்குவோர் ஃபாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்களின் நிகழ்ச்சியை நினைவுகொள்ளட்டும். தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி அவர் ஆலோசனை கேட்டபோது, ஒருவர் வறியவர் என்பதையும் மற்றவர் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் என்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். உஸாமா (ரழி) அவர்களை மணக்கும்படி கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது. திருமண ஆலோசனையில் உண்மையைச் சொல்வதைப் புறம் பேசுவதிலிருந்து விலக்களிக்கப்பட்டவற்றுள் ஒன்றாக இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். கேட்டால் சம்பந்தம் முறிந்துவிடும் என்கிறார்கள். முறியட்டும். நிகாஹுக்கு முன் முறிவதில் யாருக்கும் இத்தா இல்லை.

எனவே ஜமாஅத்துகளிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. வெளிநாட்டு மாப்பிள்ளை நிகாஹ் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, அவரது வசிப்புரிமை ஆவணம், முந்தைய திருமணம் குறித்த எழுத்துபூர்வமான உறுதிமொழி, இருவரின் இரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றைக் கேளுங்கள். முடிவை இரு வீட்டாரின் பொறுப்பாளர்கள் மட்டும் பார்க்கட்டும், நிர்வாகக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். தொலைபேசியிலோ வக்கீல் மூலமோ மாப்பிள்ளை நேரில் இல்லாமல் முடிக்கும் நிகாஹை, குடிவரவுக்கான திருமணமாகக் கனடா 2015 ஜூன் முதல் ஏற்பதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்ய அவர்களை அனுப்பிவையுங்கள்.

பெயர் எழுதும் விஷயம் ஒன்று பாக்கி. முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறோம். கடவுச்சீட்டில் பீவி, தஃப்தரில் பேகம், பள்ளிச் சான்றிதழில் இரண்டும் இல்லை என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நிகாஹ் தஃப்தர் எழுதும் சகோதரர்கள் மணமக்கள் இருவரின் கடவுச்சீட்டையும் மேசைமேல் வைத்து, எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதட்டும்.